ஜேஆர்எஃப் வருமுன் கைடைத் தேடுங்கள்

பரங்கிப்பேட்டையில் எனக்குப் பின்னால் கடல் அறிவியல் படித்த பிள்ளைகள் போன் போட்டதும் கேட்பது, "அக்கா, மாசம் எவ்வளவு வரும்?" சொல்லிவிடுகிறேன். சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் பரீட்சையில் ஜேஆர்எஃப் (பிஎச்டி ஆய்வுக்கான உதவித்தொகை) எடுத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். பிறகு ஒரு கமிட்டி உங்கள் வேலையைப் பார்த்து எஸ்ஆர்எஃப் (அதற்கு அடுத்த நிலை) ஆக்கினால் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கு. மொத்தம் ஐந்து வருஷம்.

எந்தப் பேப்பர் எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்கென்று தனிப் பேப்பர் கிடையாது. மீன், பிளாங்க்டன் (மிதவை உயிரிகள்), பவளம் என்று போகிறவர்களுக்கு லைஃப் சயின்சஸ். மரபியலும் செல் பயாலஜியும் கரைத்துக் குடித்தவர்களோடு போட்டி. நீரோட்டம், கடல் வேதியியல் என்றால் எர்த் சயின்சஸ். நான் எழுதியது அதைத்தான். அதில் பார்ட் சி-யில் 80 கேள்வி வரும், 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மார்க். கடலும் வானிலையும் கைவசம் இருந்தால் பாறைப் பக்கமே போக வேண்டாம். தப்பான விடைக்கு மார்க் பிடிப்பார்கள், குருட்டாம்போக்கில் அடிக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். ஜேஆர்எஃப் கடிதம் பணத்துக்குத்தான் உத்தரவாதம். உட்கார இடத்தையும், ஆய்வுக்கு வழிகாட்டும் விஞ்ஞானியையும், அதாவது கைடையும், நீங்கள்தான் தேட வேண்டும். கோவா தோனா பாவ்லாவில் என்ஐஓ (கடலியல்), சென்னை பள்ளிக்கரணையில் என்ஐஓடி (கடல் தொழில்நுட்பம்), ஹைதராபாத்தில் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை), கொச்சியில் சிஎம்எல்ஆர்ஈ (கடல்வாழ் உயிர் வளம்) என்று மத்திய அரசு ஆய்வு நிறுவனங்கள் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும்போதே விஞ்ஞானிகளுக்கு மெயில் போட ஆரம்பியுங்கள்.

என் முதல் மெயில், "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர ஆவல்" என்று தொடங்கியது. அதையே 14 பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த முறை ஒரே ஒருவருக்கு எழுதினேன். அவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு கேள்வி: அரபிக்கடலில் ஆக்சிஜன் வற்றிய அடுக்கில் பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்று தீர்க்கிறதே, வங்கக்கடலில் ஏன் அந்த அளவுக்கு நடப்பதில்லை? கூடவே நான் செய்த வேலை இரண்டு வரி. வெள்ளாற்று முகத்துவாரத்தில் 24 மணி நேரம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எடுத்து, அதில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வின்க்ளர் டைட்ரேஷன் போட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ஸ்டார்ச்சின் நீலம் மறைகிறதா என்று தெரியாமல் முழித்ததையும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தீர்களா?"

ஒரு கைடுக்குச் சரி என்று சொல்லுமுன் அவரிடம் படிக்கும் சீனியர்களிடம் தனியாகப் பேசுங்கள். கப்பலில் போக வாய்ப்பு வருமா, முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். வெளிநாட்டு ஆசைக்கு சர்வதேசக் கடல் ஆய்வு அமைப்புகள் தரும் போகோ-ஸ்கோர் ஃபெலோஷிப் இருக்கிறது. வேறு நாட்டு ஆய்வகத்தில் ஒன்றிலிருந்து மூன்று மாதம். ஆய்வில் சேர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

சேரும்போது கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். என் ஜாயினிங் ரிப்போர்ட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போய், ஒரு அலுவலகத்தில் அது தூங்கி, முதல் பணம் வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை வாடகை கட்டியது அம்மாவின் சீட்டுப் பணம். எந்தக் காகிதம் கொடுத்தாலும் ஜெராக்ஸில் சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.