மார்பு நிணக்குழாய் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காயெண்ணெயும் சாளையும் அன்றாடச் சாப்பாட்டில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில், உண்ட கொழுப்பு குடலிலிருந்து எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்ற கேள்வி, உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு இயல்பாகவே எழுகிறது. எண்ணெயிலும் நெய்யிலும் மருந்தைக் காய்ச்சிக் கொடுக்கும் சித்த, ஆயுர்வேத மரபில் படிப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. அதற்கு நேரடியாக விடை தரும் சோதனை, எலியின் மார்பு நிணக்குழாயில் (குடலிலிருந்தும் பிற உறுப்புகளிலிருந்தும் வரும் நிணநீரை இரத்தத்தில் சேர்க்கும் குழாயில்) கேனுலா என்ற மெல்லிய செருகுகுழாயைச் செருகி, வழியும் நிணநீரை மணிக்கணக்கில் சேகரிப்பதாகும். போல்மனும் அவருடைய குழுவினரும் 1948இல் வெளியிட்ட முறையின் பல்வேறு திருத்தங்களைத்தான் இன்றும் ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. இந்தச் சோதனையில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு, நிணநீரை இரத்தத்தைப் போல எண்ணிவிடுவதே வேர். இரத்தத்தின் கலவையை உடல் ஓரளவு கட்டிக்காக்கிறது. நிணநீரோ எலி என்ன தின்றது, எவ்வளவு நீர் அதன் உடலில் இருக்கிறது, எந்த மயக்க மருந்து கொடுக்கப்பட்டது, குழாயின் எந்த இடத்தில் கேனுலா செருகப்பட்டது என்பவற்றுக்கு ஏற்ப மணிக்கு மணி மாறுகிறது.

உணவு நிலையைக் குறித்துவைக்காமல் விடுவது முதல் தவறு. இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி 1622இல் நாயின் குடல்தாங்கிச் சவ்வில் வெள்ளை நாளங்களைக் கண்டது, அந்த நாய் சாப்பிட்டிருந்த காரணத்தால்தான்; சாப்பிடாத நாயில் அவை கண்ணுக்குத் தென்படவில்லை. பின்னர் 1651இல் ஜான் பெக்கே, அந்த வெள்ளை நீர் கல்லீரலுக்குச் செல்லாமல் மார்பு நிணக்குழாய் வழியாகக் கழுத்தடிச் சிரைகளில் சேர்கிறது என்று காட்டினார். பசித்த எலியின் நிணநீர் ஏறக்குறையத் தெளிவாகவும், கொழுப்பு உண்ட எலியின் நிணநீர் பால்போலவும் இருப்பதால், அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் சிறிது எண்ணெயோ பாலேடோ ஊட்டி, குழாயை வெள்ளை நூல்போலத் தெரியவைப்பது வழக்கம். இது நல்ல உத்திதான். ஆனால் அன்றே சேகரித்த நீரை அடிப்படை மாதிரி என்று எழுதினால், சோதனை எண்ணெய் கொடுப்பதற்கு முன்பே அதில் வேறோர் எண்ணெய் கலந்திருக்கும். இரவு முழுவதும் எலியைத் தேறவிட்டு, குழாயில் வரும் நீர் தெளிந்த பிறகே அடிப்படை மாதிரியை எடுக்க வேண்டும்.

அடுத்தது இடம் பற்றிய தவறு. எலியின் இடப்பக்க விலாவுக்குக் கீழே திறந்து, இடது சிறுநீரகத்தையும் குடலையும் ஈரப்பஞ்சால் மெல்ல ஒதுக்கினால், உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே, பெருந்தமனியின் ஓரத்தில் நிணக்குழாய் ஒட்டிக்கிடப்பது தெரியும். பசித்த விலங்கில் அது வெறும் ஈரச் சவ்வுபோலவே இருக்கும். பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. பெருந்தமனியிலிருந்து அதைப் பிரிக்கும்போது அவசரப்பட்டால், ஒன்று இரத்தம் பீறிடும், அல்லது குழாயின் சுவர் கிழிந்து நிணநீர் வயிற்றுக்குள் கசியும். இரண்டாவது ஆபத்தே பெரியது. ஏனெனில் கேனுலாவில் கொஞ்சம் நீர் வந்துகொண்டே இருப்பதால், மீதி கசிந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. கிளைக் குழாய்கள் வழியாகவும் நிணநீர் தப்பிச் செல்வதுண்டு. சோதனையின் முடிவில் சாயம் செலுத்திப் பார்ப்பதும், கொழுப்பு ஊட்டிய பின் இரத்தத்தில் டிரைகிளிசரைடு (உணவுக் கொழுப்பின் முக்கிய வடிவம்) உயர்கிறதா என்று பார்ப்பதும் இதைக் கண்டுபிடிக்க உதவும்.

இங்கு கிடைக்கும் நீரைக் குடல் நிணநீர் என்று எழுதிவிடுவதும் அடிக்கடி காணப்படுகிறது. மார்பு நிணக்குழாயில் குடலிலிருந்து வருவது மட்டுமல்லாமல், கல்லீரலிலிருந்தும் பின்னங்கால்களிலிருந்தும் வருவதும் சேர்ந்தே ஓடுகிறது. கல்லீரல் நிணநீரின் புரதச் செறிவு பிளாஸ்மாவை நெருங்கியது. கால்களிலிருந்து வருவதன் புரதச் செறிவோ மிகக் குறைவு. ஆகவே புரத அளவு மாறினால், அது குடலில் நேர்ந்த மாற்றம் என்று நேராகச் சொல்லிவிட முடியாது. குடலை மட்டும் அறிய வேண்டுமானால், மேல் குடல்தாங்கித் தமனியின் அருகே ஓடும் குடல் நிணக்குழாயில் கேனுலாவைச் செருக வேண்டும்.

மயக்கத்திலேயே முழுச் சேகரிப்பையும் முடித்துவிடுவது வசதியானதாகத் தோன்றலாம். மயக்க நிலையில் குடலசைவும் நிண ஓட்டமும் குறைவதால், கொழுப்பு உறிஞ்சப்படும் வேகமும் தள்ளிப்போகிறது. அதனால்தான் விழித்திருக்கும் எலியில் சேகரிப்பது சிறந்தது என்று கொள்ளப்படுகிறது. ஆனால் விழித்த எலியை இறுக்கமான கூண்டில் நாள்முழுதும் அடைத்துவைப்பதும் அதற்கு ஒரு மனஅழுத்தம்தான். அப்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற ஹார்மோன், நிணநீரிலுள்ள வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளைக் குறைத்துவிடும். முன்கூட்டியே சில நாள்கள் பழக்குவதும், வலி நீக்க மருந்தைத் திட்டத்தின்படி கொடுப்பதும் நெறிக்கு மட்டுமல்ல, முடிவின் நம்பகத்துக்கும் தேவையானவை.

வெளியே வடியும் நீரை ஈடுசெய்யாமல் விடுவதே எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தரும் தவறு. நீரும் சோடியமும் புரதமும் குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருந்தால், எலி வறண்டு, ஓட்டம் சுருங்கி, கடைசியில் குழாய் அடைத்துக்கொள்ளும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ குளுக்கோஸ் கலந்த உப்புநீரைத் தொடர்ந்து செலுத்துவது இதற்கான வழி. ஆனால் அப்படிச் செலுத்தும்போது நிண ஓட்டம் கூடி, செறிவு குறையும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்: ஓர் எலியில் மணிக்கு 1 மில்லி ஓட்டம், மில்லிக்கு 20 மில்லிகிராம் டிரைகிளிசரைடு, மற்றோர் எலியில் மணிக்கு 2 மில்லி ஓட்டம், மில்லிக்கு 10 மில்லிகிராம். செறிவை மட்டும் அட்டவணையில் போட்டால் இரண்டாவது எலி பாதி அளவே உறிஞ்சியதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் மணிக்கு 20 மில்லிகிராமையே கடத்தியுள்ளன. செறிவு, ஓட்டம், இரண்டின் பெருக்கல் ஆகிய மூன்றையும் தராத அட்டவணையை நம்ப வேண்டியதில்லை. ஓட்டத்தைக் குழாயின் கோடுகளைப் பார்த்து ஊகிப்பதைவிட, சேகரிப்புக் குழாயை முன்னும் பின்னும் எடைபோட்டு அறிவது நல்லது.

நிணநீரில் தட்டணுக்கள் இல்லாத அளவுக்குக் குறைவு என்பதால் அது உறையாது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஃபைப்ரினோஜனும் பிற உறைவுக் காரணிகளும் அதில் இருப்பதால், இரத்தத்தைவிட மெதுவாக என்றாலும் அது உறையவே செய்யும். கேனுலாவின் நுனியில் முதலில் ஒரு மெல்லிய ஜெல்லி இழை தொங்கும், பிறகு ஓட்டம் நின்றுபோகும். இதற்காக எலியின் உடலுக்குள்ளேயே ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பானைச் செலுத்தினால், அது இரத்தநாளச் சுவரிலிருந்து லைப்போபுரத லைபேஸ் என்ற நொதியை விடுவித்து, அளக்கவிருக்கும் டிரைகிளிசரைடையே உடைக்கக்கூடும். கொழுப்பை அளப்பவர்கள் சேகரிப்புக் குழாயில் இடிடிஏ (EDTA) என்ற உறைவுத் தடுப்பானை வைத்துக்கொள்வது மேலானது. கால்சியத்தை அளப்பவர்களுக்கு அது உதவாது, ஏனெனில் இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எதை அளக்கப்போகிறோம் என்று முடிவுசெய்த பிறகே உறைவுத் தடுப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேமிப்பில் நேரும் பிழைகள் சிறியவைபோலத் தோன்றினாலும் பல மாத உழைப்பைக் கெடுக்கும். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்த நிணநீரில், கைலோமைக்ரான்கள் (குடற்செல்கள் கட்டியனுப்பும் கொழுப்புத் துகள்கள்) காய்ச்சி ஆறிய பாலின் ஆடைபோல மேலே திரண்டுவிடும். கலக்காமல் அடியிலிருந்து பிப்பெட்டால் எடுத்தால் கொழுப்பு குறைவாகவும், மேலிருந்து எடுத்தால் மிகையாகவும் வரும். உறையவைத்தால் அந்தத் துகள்கள் சிதைந்து ஒட்டிக்கொள்வதால், துகள் அளவைப் புதிய மாதிரியிலேயே காண வேண்டும். செல் எண்ணிக்கையும் அப்படியே. ஒளியளவியல் சோதனைகளில் பால்நிறக் கலங்கல் தவறான உயர்வைக் காட்டும் என்பதால் தகுந்த வெற்று மாதிரி (வினைப்பொருள் சேர்க்காத ஒப்பீட்டு மாதிரி) அவசியம்.

லிம்போசைட்டுகளை எண்ணுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஜேம்ஸ் கோவன்ஸ் 1950களின் பிற்பகுதியில் எலிகளில் செய்த சோதனைகளில், நிணநீரைப் பல நாள் வடித்தால் லிம்போசைட்டுகளின் வரத்து படிப்படியாகக் குறைவதையும், அவற்றைத் திரும்ப இரத்தத்தில் செலுத்தினால் அந்தக் குறைவு தடுக்கப்படுவதையும் காட்டினார். அவை இரத்தத்துக்கும் நிணநீருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஆகவே மூன்றாம் நாளில் எண்ணிக்கை குறைந்திருந்தால், கொடுத்த மருந்தின் விளைவு என்று கொண்டாடுமுன், மருந்து பெறாமல் அதேபோல் வடிக்கப்பட்ட எலியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

இனி நம் தேங்காயெண்ணெய். அது முழுக்க நடுநீளச் சங்கிலிக் கொழுப்பு (அமிலங்களின் கரிமச் சங்கிலி நடுத்தர நீளமுள்ளது), ஆகவே நிணநீரைத் தொடாமல் கல்லீரலுக்கு நேராகப் போய்விடும் என்பது நாகர்கோவில் கடைத்தெருவில் மட்டுமல்ல, சில ஆய்வேட்டு முன்னுரைகளிலும் காணப்படுகிறது. 8, 10 கரிமங்கள் கொண்ட அமிலங்கள் பெரும்பாலும் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாகச் செல்கின்றன என்பது சரி. தேங்காயெண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 விழுக்காடுதான். பாதியளவுக்கு இருப்பது 12 கரிமங்கள் கொண்ட லாரிக் அமிலம். பிளூம், சாய்க்காஃப், ரைன்ஹார்ட் ஆகியோர் 1951இல் கதிரியக்கக் குறியிட்ட அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சங்கிலி நீளநீள நிணநீரில் கிடைக்கும் பங்கும் கூடியது. லாரிக் அமிலம் இரு வழிகளிலும் சென்றது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கணைய லைபேஸ் டிரைகிளிசரைடின் இரு ஓரங்களிலுள்ள அமிலங்களையே வெட்டுவதால், நடுவிலுள்ள அமிலம் மோனோகிளிசரைடாகவே குடற்செல்லுக்குள் போய், மறுபடியும் கொழுப்பாகக் கட்டப்பட்டு, கைலோமைக்ரானில் ஏறுகிறது. எனவே தனி லாரிக் அமிலத்தைக் கொடுத்துக் கண்ட முடிவைத் தேங்காயெண்ணெய்க்கு அப்படியே பொருத்தக் கூடாது. மார்புக் குழிக்குள் நிணநீர் கசியும் நோயாளிக்குச் சுத்திகரித்த நடுநீளச் சங்கிலி எண்ணெயை மருத்துவர் பரிந்துரைக்கும்போது, வீட்டு அடுக்களை எண்ணெயை அதற்கு முழு ஈடாகக் கொள்ள முடியாததும் இதனால்தான்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது இன்னும் நிதானம் வேண்டும். எலிக்குப் பித்தப்பை கிடையாது. பித்தம் தொடர்ந்து சொட்டிக்கொண்டே இருப்பதால் கொழுப்பு உறிஞ்சும் தாளமே வேறு. கொழுப்புத் துகள்களின் உறையிலுள்ள அப்போ பி புரதத்தில், மனிதக் கல்லீரல் அப்போ பி-100ஐ மட்டுமே செய்ய, எலியின் கல்லீரல், மனிதரில் குடலே செய்யும் அப்போ பி-48ஐயும் செய்கிறது. ஆகவே எலியின் இரத்தத்தில் பி-48 இருப்பதைக் கொண்டே அது குடலிலிருந்து வந்தது என்று சொல்ல இயலாது. லைப்போபுரதங்களுக்கிடையே (இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களுக்கிடையே) கொலஸ்ட்ரால் எஸ்டரை மாற்றிக்கொடுக்கும் புரதமும் எலியின் பிளாஸ்மாவில் இல்லை.

இரு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் விலங்கறையின் ஈரப்பதத்தைத் தினமும் குறித்துவைப்பது நல்லது. அறுவைக்குப் பின் உடல் வெப்பம் குறைந்த எலி ஈரப்படுக்கையில் தேறாது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறாமல் முன்னோட்ட அறுவையைக்கூடத் தொடங்கக் கூடாது. கைப்பழக்கத்துக்காகத்தானே என்ற சாக்கு அங்கே செல்லாது.

கடைசியாக, எண்ணிக்கை. ஆறு எலிகளில் எட்டு மணி நேரம் மணிக்கொரு மாதிரி எடுத்துவிட்டு 48 மாதிரிகள் என்று புள்ளியியல் கணக்குப் போடுவது தவறு. அங்கே இருப்பவை ஆறு எலிகள் மட்டுமே, மணிவாரி அளவுகள் ஒரே விலங்கின் தொடர் அளவுகள். குழாய் அடைத்துப்போன எலிகளையும், இரத்தம் கலந்த மாதிரிகளையும் ஓசையின்றி விலக்கிவிடுவது அதைவிட மோசம். ஓட்டம் எவ்வளவுக்குக் கீழே போனால் எலியை விலக்குவோம் என்பதைத் தொடங்குமுன்பே திட்ட அறிக்கையில் எழுதிவைத்து, எத்தனை எலிகளில் அறுவை செய்தோம், எத்தனை தேறின, எவை எந்தக் குழுவிலிருந்து எதனால் விலக்கப்பட்டன என்பதை ஆய்வேட்டில் காட்ட வேண்டும். எண்ணெய் கொடுத்த குழுவில் மட்டும் குழாய்கள் அதிகம் அடைத்திருந்தால், அதுவும் ஒரு முடிவுதான்.