இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஹெபடைட்டிஸ் பி இருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள்

விசாவுக்காகச் சென்னையில் மார்பு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள். அது காசநோய்க்கானது, கல்லீரலைப் பற்றி அதில் எதுவும் தெரியாது. ஆகவே தங்க இடம் கிடைத்ததும் அருகிலுள்ள ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என்எச்எஸ் எனும் அரசு மருத்துவ சேவையின் விதி. பதிந்த கையோடு, கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைட்டிஸ் பி, சி, இவற்றோடு எச்ஐவி ஆகிய மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ (தொற்று உண்டு) என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பி வந்த வழியிலேயே, அதாவது ரத்தம் மூலமாகவோ உடலுறவு மூலமாகவோ, வேறு வைரஸும் வந்திருக்கலாம். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘ஆன்டி எச்சிவி’ (சி-க்கானது), ‘ஆன்டி எச்டிவி’ (டெல்டாவுக்கானது), ‘எச்ஐவி’ என்ற மூன்று வரிகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எளிதில் விடுபட்டுப்போவது எச்டிவி எனும் டெல்டா வைரஸ். 1977இல் இத்தாலியின் டூரின் நகரில் மாரியோ ரிசெட்டோ கண்டறிந்தது இது. பி வைரஸின் மேலுறையை இரவல் வாங்கித்தான் இது பரவுகிறது. பி இல்லாதவருக்கு டெல்டா வராது. இரண்டும் சேர்ந்துவிட்டாலோ சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வெகு வேகமாக வரும். பி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் டெல்டாவை அடக்குவதில்லை. மாத்திரையால் பி வைரஸ் அளவு இறங்கியும் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி எனும் ரத்த அளவு மட்டும் உயர்ந்தே இருந்தால், “டெல்டா பரிசோதனை செய்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

எச்ஐவி, சி ஆகிய மற்ற இரண்டிலும் எதை முதலில் தெரிந்துகொள்கிறோம் என்பது முக்கியம். எச்ஐவி இருப்பது தெரியாமல் பி-க்கு மட்டும் மாத்திரை தொடங்கினால், எச்ஐவி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். சி-க்கு மாத்திரை எடுக்கும்போது, அதுவரை அடங்கியிருந்த பி மீண்டும் சீறக்கூடும்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இலேயே இதை எச்சரித்தது.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தொற்றுகளுக்கான மருத்துவமனைப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும், விசா நிலை எதுவானாலும், இங்கிலாந்தில் கட்டணம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். உறவினரை அழைத்துச் செல்ல வேண்டாம். உடலுறவு பற்றிய கேள்விகளுக்கு மாமா எதிரில் யாரால் பதில் சொல்ல முடியும்?

துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குப் பி தடுப்பூசி போடுங்கள். அதுவே டெல்டாவையும் தடுத்துவிடும். சவரக் கத்தியும் நகவெட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைக்கத் தேவையே இல்லை.