நட்சத்திரம் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்: மல்யுத்த விமர்சகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு நாசி கண்டார் கடையில் என் அக்காவின் மகனும் அவனுடைய நண்பனும் இரண்டு நோட்டுப் புத்தகங்களை மேசை மேல் விரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் நிகழ்ச்சிகளுக்கு நட்சத்திர மதிப்பெண்களை வாரி வழங்கியிருந்தான். மற்றவன் அதன் போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வின் அதே வாரத்து நிகழ்ச்சிகளுக்கு வழங்கியிருந்தான். "மாமா, நீங்களே சொல்லுங்க, யார் போட்டது சரி?" என்று என்னை நடுவராக்கப் பார்த்தார்கள். பக்கங்களைப் புரட்டியபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய குறிப்புகளையே வேறு கையெழுத்தில் படிப்பது போலிருந்தது. அன்று அவர்களிடம் பாதியைத்தான் சொல்ல முடிந்தது, ஏனெனில் கறி ஆறிக்கொண்டிருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வீரரின் பெயரைத் தவறாக எழுதுவது, பார்க்காத போட்டிக்கு மதிப்பெண் போடுவது போன்றவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதை ஏதோ புதையல் கண்டவர் போல அறிவிப்பவர்களுக்கும் இங்கே இடமில்லை. கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய காலத்திலேயே என் தாத்தாவுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஒரு வீட்டுச் சட்டத்தை வைத்து மறுவீட்டை அளப்பது

டபிள்யூ.டபிள்யூ.இ. போட்டியில் ரிங்குக்கு வெளியே போனவருக்கு நடுவர் பத்து வரை எண்ணுவார். ஜப்பானிய மல்யுத்த நிறுவனமான நியூ ஜப்பானில் அந்த எண்ணிக்கை இருபது. எனவே அங்கே வீரர்கள் தடுப்புவேலி ஓரமாக நெடுநேரம் அடித்துக்கொள்வது நடுவரின் சோம்பல் அன்று. போட்டியின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது, பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கை ஏறும்போது அரங்கம் பதறுவதும் அந்த அமைப்பிலிருந்து பிறப்பதுதான். மெக்சிகோவின் லூச்சா லிப்ரே மரபில், குழுப் போட்டியில் களத்திலிருப்பவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்துவிட்டால், கை தொட்டு மாற்றிக்கொள்ளாமலேயே அவருடைய கூட்டாளி உள்ளே வரலாம். இது தெரியாத காலத்தில் நான் அத்தகைய ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, "நடுவர் உறங்கிவிட்டார்" என்று எழுதி ஒரு முழு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன். உறங்கியது யார் என்பது பிறகுதான் விளங்கியது.

பிடித்தவர் தோற்ற அன்று எழுதுவது

மறுநாள் எழுதுங்கள்.

பிறர் போட்ட நட்சத்திரத்தை முதலில் படிப்பது

ஜிம் கார்னெட்டும் நார்ம் டூலியும் தொடங்கி வைத்த நட்சத்திர முறையை உலகறியச் செய்தவர் அமெரிக்க மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர். ஐந்துதான் உச்சம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நடந்த ஒக்காடா - கென்னி ஒமேகா போட்டிக்கு அவர் ஆறு கொடுத்தார். 2018 ஜூன் 9 அன்று ஒசாக்காவில் அதே இருவர் மீண்டும் மோதியபோது ஏழு கொடுத்தார். அந்த ஏழைத் தெரிந்துகொண்டு அந்தப் போட்டியைப் பார்த்தவர்களில் இரண்டே வகையினரை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு வகையினர் ஏழு தகும் என்றார்கள், மற்றவர்கள் தகாது என்றார்கள். போட்டியில் என்ன நடந்தது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

பார்க்கும் நிலையைக் கணக்கில் எடுக்காதது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் விலையை நான் கட்டவில்லை, என் நண்பர் கட்டினார்.

2019ஆம் ஆண்டில் நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஷிப்ட் வேலை பார்த்தேன். எனக்கு நிரந்தர ஓய்வு நாள் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ரா' நிகழ்ச்சி மலேசியாவில் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே குளிர்காலமென்றால் ஒன்பது மணிக்கு, நேரடியாக வரும். நன்றாக உறங்கி எழுந்து, கோப்பி போட்டு, கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பேன். நியூ ஜப்பானின் நிலைமை வேறு. ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம்தான் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை ஆறரைக்குத் தொடங்கும் நிகழ்ச்சி இங்கே ஐந்தரைக்கு வரும், அப்போது நான் உற்பத்திப் பிரிவில் நின்றுகொண்டிருப்பேன். வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் ஊர்ந்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மேல் பதிவைப் போட்டுப் பார்ப்பேன். பாதியில் கண் சொருகும். மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் ஏ.இ.டபிள்யூ.வின் 'டைனமைட்' நிகழ்ச்சியும் வாராவாரம் வரத் தொடங்கியது. அது வியாழக்கிழமை காலை நேரடியாக வந்தது, நான் பார்த்ததோ வியாழன் நள்ளிரவில்.

இந்த நிலையில் பார்த்துவிட்டு, இரண்டு தரப்புக்கும் சமமாக நீதி வழங்குவதாக எண்ணிக்கொண்டு நட்சத்திரம் போட்டேன். என் மனத்தில் எந்த நிறுவனத்தின் மீதும் பகை இல்லை என்பது உண்மை. அந்த உண்மையே என்னை ஏமாற்றியது. என் நோட்டுப் புத்தகத்தில் ஜப்பானியப் போட்டிகளுக்கு எதிரே ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தது: "நீளம் அதிகம்." நீளமாக இருந்தது போட்டியா, என் பகல் பொழுதா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

2019 ஜூன் 5 அன்று ரியோகோகு அரங்கில் வில் ஆஸ்ப்ரேவுக்கும் ஷிங்கோ தக்காகிக்கும் நடந்த நியூ ஜப்பான் தொடரொன்றின் இறுதிப் போட்டி, அரை மணி நேரத்தைக் கடந்து நடந்து, ஆஸ்ப்ரேயின் வெற்றியில் முடிந்தது. அன்று இங்கே நோன்புப் பெருநாள். வேலை இல்லை என்பதால் நேரடியாகப் பார்த்திருக்கலாம்; நானோ மூன்று நண்பர்களின் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போய், ரெண்டாங்கும் கெத்துப்பாட்டும் போதுமென்னும் அளவுக்கு உண்டு, நள்ளிரவில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி பார்த்தேன். மூன்று நட்சத்திரம் போட்டேன். பக்கத்தில் வழக்கமான குறிப்பும் இருந்தது.

கோலாலம்பூரில், செந்தூலில் இருந்த என் நண்பர் ஒருவர் அந்தக் குறிப்புகளை மதித்துப் படிப்பவர். 2020 ஜனவரி 4, 5 ஆகிய இரு நாள்களிலும் டோக்கியோ டோமில் நடக்கவிருந்த பெருநிகழ்ச்சிக்குப் போக அவர் இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். போகலாமா என்று என்னைக் கேட்டார். இந்த ஆண்டு அவர்களுடைய போட்டிகள் இழுவையாக இருக்கின்றன, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவர் போகவில்லை. ஜூஷின் லைகர் ஓய்வு பெறுவதையும், இரண்டாம் இரவில் நைத்தோ ஒக்காடாவை வீழ்த்தி இரண்டு பட்டங்களையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்ததையும் அவர் திரையில்தான் பார்த்தார். மார்ச் 18 அன்று இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லைகள் மூடின, "அடுத்த ஆண்டு" என்ற என் பேச்சுக்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

கட்டுப்பாட்டின் முதல் வாரங்களில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது, பொழுது போகாமல் அதே ஆஸ்ப்ரே - தக்காகி போட்டியைக் காலை ஒன்பது மணிக்கு மீண்டும் போட்டேன். முடிந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடங்களில் ஒருவர் மற்றவரின் வேகத்தை எப்படி உடலெடையால் முறிக்கிறார், பிறகு அந்த வேகம் எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்பதெல்லாம் முதல் முறை என் கண்ணில் படவே இல்லை. பக்கத்தில் இருந்த என் மச்சான் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பார்த்த நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறீர்களே மச்சான், அதை ஒரு தடவையாவது படித்தீர்களா?" என்று கேட்டார். படித்தேன். இரவு பதினொன்றுக்கு மேல் பார்த்த எந்த நிகழ்ச்சியும், எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், மூன்றரையைத் தாண்டவில்லை. ஓய்வு நாளிலும் வேலைக்குப் போக நேர்ந்து இரவில் பார்த்த சில 'ரா' நிகழ்ச்சிகளும் அதில் அடக்கம்.

பட்டர்வொர்த் கடையில் அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்ததற்கு இதுவே காரணம். ஒருவன் கல்லூரி முடிந்து மாலையில் அமைதியாகப் பார்ப்பது ஒரு நிறுவனத்தை. பேருந்தில் போகும்போது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது இன்னொன்றை. மல்யுத்தத்தில் இடைவெளிகளும் ஆட்டத்தின் பகுதியே. ஓர் அடி வாங்கியவர் எழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை வேகப்படுத்தினால் அந்த அடிக்கு வலியே இல்லாமல் போய்விடும். இதற்குப் பிறகு அவர்கள் நடுநிலையைப் பற்றி வாதாடுகிறார்கள்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே, தொடங்கிய நேரம், ஒரே அமர்வில் பார்த்தேனா துண்டு துண்டாகப் பார்த்தேனா, அதற்கு முன் எத்தனை மணி நேரம் மல்யுத்தம் பார்த்திருந்தேன் ஆகிய மூன்றையும் மதிப்பெண்ணுக்கு முன்பே எழுதிவிடுவேன். போட்டி நிறுவனங்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நேர்ந்தால், இந்த வாரம் முதலில் பார்த்ததை அடுத்த வாரம் இரண்டாவதாகப் பார்ப்பேன். சரியான நிலையில் பார்க்க முடியாததற்கு நட்சத்திரமே போடுவதில்லை. கோடு மட்டும் இழுத்துவிடுவேன். களைப்பு தொலைக்காட்சி முன் இருப்பவருக்கு மட்டும் வருவதும் அன்று. 2019 ஏப்ரலில் நடந்த ரெஸில்மேனியா 35, முன்நிகழ்ச்சியையும் சேர்த்து ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. பெண்கள் முதன்முறையாக ரெஸில்மேனியாவின் இறுதிப் போட்டியில் மோதிய அந்த இரவில், பெக்கி லிஞ்சும் ரோண்டா ரௌசியும் ஷார்லட் ஃப்ளேரும் ரிங்குக்கு வந்தபோது நியூ ஜெர்சியில் நள்ளிரவு ஆகியிருந்தது, அரங்கம் சோர்ந்திருந்தது. அவர்களுக்கு நட்சத்திரம் குறைத்த விமர்சகர்கள் அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தையும் அந்த மூவரின் தலையிலேயே கட்டினார்கள்.

கூச்சலை அப்படியே நம்புவது

2020 ஆகஸ்டு முதல் பல மாதங்கள் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'தண்டர்டோம்' அரங்கில் பார்வையாளர்கள் திரைகளில்தான் இருந்தார்கள். நாம் கேட்ட ஆரவாரத்தில் பெரும்பகுதி ஒலிப்பதிவு. அதே காலத்தில் ஜப்பானில் ரசிகர்கள் நேரில் வந்திருந்தார்கள், ஆனால் குரல் எழுப்ப அனுமதி இல்லை, கைதட்டலாம், அவ்வளவுதான். இந்த இரண்டின் ஒலிநாடாவையும் ஒப்பிட்டு "இங்கே உயிர் இருக்கிறது, அங்கே இல்லை" என்று எழுதிய பக்கங்கள் என்னிடம் உண்டு. கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வார நிகழ்ச்சியைப் பெருநிகழ்ச்சியோடு நிறுத்துவது

வாராந்திரத் தொலைக்காட்சிப் போட்டி விளம்பர இடைவெளிகளைச் சுற்றிக் கட்டப்படுகிறது. இடைவேளை வருமுன் ஒருவரை வெளியே தள்ளுவார்கள். இடைவேளை முழுவதும் கழுத்துப் பிடியிலோ கைப்பிடியிலோ பொழுதைக் கடத்துவார்கள். விளம்பரம் இல்லாத பதிவில் பார்க்கும் நமக்கு அந்த மூன்று நிமிடங்கள் காரணமில்லாத தொய்வாகத் தெரியும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது, தொடர்கதையின் ஒரு வாரத்து அத்தியாயத்தை நாவலோடு ஒப்பிடுவதற்குச் சமம்.

நட்சத்திரத்தையும் வரலாற்றையும் குழப்புவது

1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3. ஹோகன், ஆண்ட்ரே தி ஜயண்டைத் தூக்கி எறிந்த அந்தப் போட்டிக்கு மெல்ட்சர் வழங்கியது சுழியத்துக்கும் கீழே நான்கு நட்சத்திரம். அதே மேடையில் சாவேஜும் ஸ்டீம்போட்டும் நடத்திய போட்டிக்கு நான்கரை. களத்தில் நடந்ததை மட்டும் பார்த்தால் இரண்டு மதிப்பெண்களுமே நியாயம்தான். ஆண்ட்ரேவின் உடல் அப்போது ஒத்துழைக்கும் நிலையில் இல்லை. ஆயினும் அந்த நாளைப் பற்றி மல்யுத்தமே பார்க்காதவர்கள்கூட அறிந்திருப்பது அந்தத் தூக்கலைத்தான். எதை அளக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை எழாது.

பார்வையாளர் எண்ணிக்கையைத் தரமாகக் கொள்வது

83 வாரங்கள் தொடர்ந்து பார்வையாளர் எண்ணிக்கையில் 'ரா'வை முந்தி முன்னணியில் இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 2001இல் விற்கப்பட்டது.

எதிராளியைக் குத்திக்காட்டி எழுதுவது

1999 ஜனவரி 4 அன்று டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' நேரடி ஒளிபரப்பில், முன்பே பதிவு செய்யப்பட்டிருந்த 'ரா'வில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப் போகிறார் என்று வர்ணனையாளர் டோனி ஷியவோனி, மேலிடத்தின் சொற்படி, கிண்டலாகச் சொல்லிவிட்டார். ஃபோலி வெல்வதைக் காண ஆசைப்பட்ட பெருந்திரள் உடனே அலைவரிசையை மாற்றிக்கொண்டது. ஒரு நிகழ்ச்சியின் விமர்சனத்துக்குள் மற்றதைப் பழிக்கும் வரிகளை எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். வாசகர் நீங்கள் பழிப்பதைத்தான் தேடிப் பார்ப்பார்.

உள்ளூர் நிகழ்ச்சிக்கு இரக்கம் காட்டுவது

மலேசியாவிலும் மல்யுத்தம் நடக்கிறது. ஹிஜாப் அணிந்து ரிங்கில் இறங்கும் நோர் டயானா 2019இல் ஆண்களையும் வீழ்த்திப் பட்டம் வென்ற செய்தி வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. இங்குள்ள நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது நம்மவர்கள் "முயற்சி பாராட்டுக்குரியது" என்று முடித்துவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சான்றிதழ் எழுதுவது போன்ற வாக்கியம் அது. விளக்கையும் மேடையையும் அமெரிக்காவோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆனால் அடி விழும் நேரம் சரியாக இருந்ததா, விழுந்தவர் அடுத்த நிமிடம் அந்தக் காலை நொண்டினாரா, கெட்டவர் வேடம் போட்டவரை அரங்கத்துப் பிள்ளைகள் உண்மையாகவே வெறுத்தார்களா என்பவற்றுக்குப் பணமும் தேவையில்லை, சலுகையும் தேவையில்லை.

சிறிய மண்டபத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்தால் அடி படாமல் விலகுவது தெரியும், மூலையில் அமர்ந்தால் பாதிப் போட்டியை நடுவரின் முதுகு மறைக்கும். ஆகவே நுழைவுச்சீட்டின் அடிக்கட்டையை எறிந்துவிடாமல், அதிலுள்ள இருக்கை எண்ணையும் குறிப்போடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.