டெக் சூப்பரா இருக்கு, கணக்கு எங்கப்பா?

ஸ்டார்ட்அப்புக்கு பணம் தேடி இன்வெஸ்டர் மீட்டிங் கெடச்சிருச்சுன்னா முக்காவாசி பேரு முதல்ல உக்கார்றது டெக் (மீட்டிங்ல காட்டுற ஸ்லைடுங்க) டிசைன்லதான், கலரு ஃபான்ட்டுன்னு மூணு வாரம் ஓடிரும், ஆனா அங்க போய் "போன மாசம் எத்தன கஸ்டமர் விட்டுட்டு போனாங்க"ன்னு ஒரு கேள்வி வந்தா ஃபவுண்டர் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க.

"மார்க்கெட் ரொம்ப பெருசு சார், அதுல 1% புடிச்சாலே போதும்" - இத தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அந்த 1% எப்படி வரும்னுதானே கேள்வியே! வாங்கக்கூடியவங்க எத்தன பேரு, ஒருத்தர் வருஷத்துக்கு எவ்ளோ தருவாரு, நம்மளால எத்தன பேர எட்ட முடியும்னு கீழருந்து போடுங்க. அப்படி போட்டு சின்னதா வந்தா, ஒருவேள விசி (வென்ச்சர் கேபிடல், ஸ்டார்ட்அப்ல பணம் போடுற ஃபண்டு) பணமே உங்களுக்கு செட் ஆகாம இருக்கலாம், ஏன்னா அவங்க ஃபண்டு பொதுவா 10 வருஷத்துல திரும்பணும், போட்டதுல நெறைய கம்பெனி ஊத்திக்கும், மிச்சம் ஒண்ணு ரெண்டுதான் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தணும். நிதானமா லாபம் வர்ற பிசினஸ் நல்ல பிசினஸ்தான், அவங்க தேடுறது அது இல்ல, அவ்ளோதான்.

விற்பனையையும் வருமானத்தையும் கொழப்பிக்காதீங்க. உங்க ஆப்ல 100க்கு சரக்கு வித்து கமிஷன் 10 வந்தா, வருமானம் 10தான்.

அடுத்து வேல்யுவேஷன், அதாவது கம்பெனிக்கு போடுற மதிப்பு, இங்கதான் நெறைய பேரு ஏமாறுவாங்க. 8 கோடி வேல்யுவேஷன்ல 2 கோடி வாங்குறீங்க. அந்த 8 ப்ரீ-மணின்னா (பணம் வர்றதுக்கு முன்னாடி உள்ள மதிப்பு) நீங்க குடுக்குற பங்கு 20%, போஸ்ட்-மணின்னா (வந்த பணத்தையும் சேத்த மதிப்பு) 25%. ப்ரீ-மணின்னே வச்சுக்குவோம், கூடவே "10% ஈசாப் பூல் வேணும், அதுவும் ப்ரீ-மணிக்குள்ளயே"ன்னு ஒரு வரி இருந்தா, ஊழியர்களுக்குன்னு ஒதுக்குற அந்தப் பங்கு (பணம் வந்த அப்புறம் உள்ள மொத்தத்துல 10%) முழுக்க உங்க கைலருந்துதான் போகும், கடைசில உங்களுக்கு 70%. அதாவது பேருக்கு 8 கோடி, நெஜத்துல உங்க கம்பெனிக்கு போட்ட மதிப்பு 7 கோடி. இந்தக் கணக்க மீட்டிங்குக்கு முன்னாடியே ஷீட்ல போட்டுப் பாத்துருங்க.

கேப் டேபிளும் (யாருக்கு எவ்ளோ பங்குங்கற பட்டியல்) சுத்தமா இருக்கணும். ஆறு மாசம் வேல பாத்துட்டு போன கோ-ஃபவுண்டர் பேர்ல 30% தூங்கிட்டு இருந்தா எந்த இன்வெஸ்டரும் தயங்குவாரு. இதுக்குதான் வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமா கைக்கு வர்றது, வழக்கமா 4 வருஷம், முதல் வருஷம் முடியறதுக்குள்ள வெளிய போனா ஒண்ணும் கெடையாது.

முதல் மீட்டிங்லயே என்டிஏ (கேட்டத வெளிய சொல்ல மாட்டோம்ங்கற ஒப்பந்தம்) நீட்டாதீங்க, பெரும்பாலும் கையெழுத்து போட மாட்டாங்க. "எங்களுக்கு போட்டியே இல்ல"யும் வேணாம், கஸ்டமர் இப்போ எக்செல்ல சமாளிச்சிட்டு இருந்தா அந்த எக்செல்தான் போட்டி.

அப்புறம் டைமிங். கைல ரெண்டு மாச காசு இருக்கும்போது ஓட ஆரம்பிச்சா பேரம் பேசவே முடியாது, டெர்ம் ஷீட் (எந்த நிபந்தனைல பணம் போடுவோம்னு இன்வெஸ்டர் குடுக்குற தாள்) வந்தாலும் அது பணம் இல்ல, அதுக்கப்புறம் ட்யூ டிலிஜென்ஸ் (கம்பெனி கணக்கு, பேப்பர் எல்லாம் சரிபாக்குறது), அக்ரிமென்ட்டுன்னு வாரக்கணக்கா இழுக்கும், அதுவரைக்கும் சம்பளம் நீங்கதான் போடணும்.