மடி தேடாத அல்பாக்கா குட்டி: முதலில் சூடு, பிறகுதான் சீம்பால்

ஒஹாயோவில் வசந்தகால வெயிலை நம்ப முடியாது. ஈரத்தோடு பிறந்து விழுந்த அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்துக் கம்பளி விலங்கு) குட்டி காற்றில் விறைத்துவிடும். 2 மணி நேரமாகியும் எழுந்து மடியைத் தேடவில்லையென்றால், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன். 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் பால் புகட்டுவதில்லை. குளிர்ந்த குட்டிக்குச் சரியாக விழுங்க வராது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். துண்டால் தேய்த்து, ஹேர் டிரையரால் தோல் தெரியுமளவு ரோமத்தைப் பிரித்துக் காயவைக்க வேண்டும்.

சூடேறியும் குடிக்கவில்லையா? பல நேரம் கோளாறு தாயிடம்தான். காம்பு நுனிகளில் மெழுகு போல அடைப்பு இருக்கும். சோர்ந்த குட்டியால் அதை உடைக்க முடியாது. வெந்நீர்த் துணியால் ஒற்றி, விரலால் உருட்டி எடுத்துவிட்டு, நான்கு காம்பிலும் ஓரிரு பீச்சு பீச்சிப் பாருங்கள். அதோடு நிறுத்துங்கள். மடி சின்னது, கறந்து வீணாக்க அதில் ஒன்றும் இல்லை.

அதுவும் பலிக்காவிட்டால் புட்டிதான். 7 கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் குறைந்தது 700 மில்லி சீம்பால், சிறுகச் சிறுக. ஆட்டுச் சீம்பாலும் ஆகும். உறையவைத்ததை மைக்ரோவேவில் உருக்கினால் நோய் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் பையோடு போடுங்கள். தினமும் எடை பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம்; இரண்டாம் நாளும் இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை.