நோயாளர் விடுதியில் உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சியைத் தாதியரே நடத்தும் முறை

நோயாளியின் இதயம் நின்றுவிட்டதை முதலில் காண்பவர் பெரும்பாலும் தாதியர்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடமாயினும், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, பொத்துவில் ஆகிய ஊர்களின் ஆதார வைத்தியசாலைகளாயினும், இரவுக் கடமையில் வைத்தியர் நோயாளர் விடுதிக்கு வந்துசேரும் வரையுள்ள நிமிடங்கள் தாதியரின் பொறுப்பிலேயே இருக்கின்றன. நெஞ்சழுத்தத்தோடு மின்னதிர்ச்சியும் மருந்தும் கொடுத்து நின்ற இதயத்தை மீட்கும் உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகலாம். ஆனால் பழக்கம் விட்டுப்போன கை, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மறக்கத் தொடங்கிவிடும். ஆகவே, மாதம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், சொந்த விடுதியில், சொந்த ட்ரொலியை வைத்துப் பயிற்சி செய்வது எப்படி என்பதைப் பொறுப்புத் தாதியருக்காகவும் மூத்த தாதியருக்காகவும் எழுதுகிறேன். இங்குள்ள மருந்தளவுகள் யாவும் வளர்ந்தவர்களுக்கு உரியவை.

தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. வைத்தியர் வருவதற்கு முன்னர் தாதியர் தாமாகவே எதுவரை செய்யலாம் என்பதை விடுதியின் விசேட வைத்திய நிபுணரிடமும் தாதிய நிர்வாகத்திடமும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சழுத்தம் தொடங்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. மின்னதிர்ச்சி கொடுப்பதும் அட்ரினலின் மருந்தின் முதல் அளவைக் கொடுப்பதும் அப்படியல்ல. அவ்விரண்டையும் பற்றி ஐயம் இருக்குமானால், அந்த ஐயமே விலைமதிப்பற்ற இரண்டு நிமிடங்களைத் தின்றுவிடும்.

முதல் மாதத்தில் அவசர ட்ரொலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முன்னர் பணிபுரிந்த ஒரு வைத்தியசாலையில், ஓரிரவு, ஒட்சிசன் சிலிண்டர் நிறைந்திருந்தும் அதைத் திறக்கும் சாவி இல்லாமல் நின்றோம். ஒரு கையால் அம்பு பையின் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) முகமூடியை நோயாளியின் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறு கையால் சிலிண்டரின் தலையைத் திருகிப் பார்த்தேன்; விரல் நுனிகள் சிவந்தனவே தவிர அது அசையவில்லை. சாவி பக்கத்து விடுதியின் மேசை லாச்சிக்குள் இருந்தது. அன்றிலிருந்து நான் எந்த விடுதிக்குப் போனாலும், பன்டேஜ் துணியால் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறேன். தொண்டைக்குள் பார்க்கும் லரிங்கஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய் விரலை இழுத்துப் பிடிக்கிறதா, மின்னதிர்ச்சி கொடுக்கும் டிபிபிரிலேட்டர் மின்சாரத்தில் செருகப்பட்டிருக்கிறதா, அதன் ஜெல் காய்ந்துவிட்டதா, அட்ரினலின் குப்பிகளின் காலாவதித் திகதி என்ன என்பவற்றை ஒவ்வொரு கடமை மாற்றத்தின்போதும் தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் கையொப்பமிடுவது மட்டும் போதாது. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் இதயம் நின்றதை அறிந்துகொள்வதும் நெஞ்சழுத்தமும். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை, பத்து விநாடிக்குள் கழுத்து நாடியும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். இதயம் நின்ற பின்னரும் சிலர் வாயைத் திறந்து இடைவெளி விட்டு மூச்சை இழுப்பார்கள். 'மூச்சு இருக்கிறதே' என்று காத்திருந்து காலத்தை இழப்பது பலருக்கும் நேரும் தவறு என்பதால், அந்த இழுப்பை ஒருவர் நடித்துக் காட்டுவது நல்லது. அழுத்தத்தின் ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ வேண்டும். மூச்சுப்பாதைக்குள் குழாய் இடும்வரை 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இட்ட பின்னர் அழுத்தத்தை நிறுத்தாமல் நிமிடத்துக்கு 10 மூச்சு. மெத்தை அமிழ்ந்தால் ஆழம் குறையும் என்பதால் முதுகின் கீழ் பலகை வைக்க வேண்டும். உயரம் குறைந்த தாதியர் கட்டிலருகே நின்று கையை மடக்கி அழுத்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு சிறு படிக்கட்டுப் பெட்டியை விடுதியில் வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். பயிற்சிப் பொம்மை கிடைக்காத மாதத்தில், உறுதியான தலையணையைத் தரையில் வைத்து வேகத்தையும் கை நிலையையும் பழகலாம், ஆழத்தைப் பழக இயலாது. உயிருள்ள மனிதர் மீது ஒருபோதும் அழுத்திப் பழகாதீர்கள்.

மூன்றாம் மாதம் வேலைப் பங்கீடு. ஆள் போதுமானால் ஒருவர் நெஞ்சை அழுத்த, ஒருவர் மூச்சுப்பாதையைக் கவனிக்க, ஒருவர் டிபிபிரிலேட்டரையும், ஒருவர் நாளத்தில் இடும் கனுலாவையும் மருந்தையும், ஒருவர் கடிகாரத்தையும் பதிவேட்டையும் பார்க்கலாம். இரவில் பெரும்பாலும் இருவர்தான் இருப்பீர்கள். அந்த நிலைக்கே அதிகம் பழகுங்கள்: ஒருவர் அழுத்துவார், மற்றவர் வைத்தியரை அழைத்து, ட்ரொலியைக் கொண்டுவந்து, முதலில் டிபிபிரிலேட்டரை இணைப்பார். சிற்றூழியரையும் நெஞ்சழுத்தத்துக்குப் பழக்கிவைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம். இரண்டு நிமிடம் கடந்த கை, தனக்கே தெரியாமல் ஆழத்தைக் குறைத்துவிடும்.

எமது மாவட்டங்களில் மொழியும் ஒரு விடயம். வைத்தியர் சிங்களத்தில் பேசுபவராக இருக்கலாம், தாதியர் தமிழில், மருந்தின் பெயரோ ஆங்கிலத்தில். ஆகவே சில சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்; அளவை எப்போதும் மில்லிகிராமில் சொல்லுங்கள், 'ஒரு குப்பி' என்று சொல்லாதீர்கள். 'அட்ரினலின் ஒரு மில்லிகிராம்' என்று கட்டளை வந்தால், 'அட்ரினலின் ஒரு மில்லிகிராம்' என்று திருப்பிச் சொல்லி, கொடுத்த பின்னர் 'கொடுத்தாயிற்று, 2.14' என்று நேரத்தோடு அறிவிக்க வேண்டும்.

நான்காம் மாதம் மொனிட்டரும் மருந்தும். நான்கு தாளங்களைப் பார்த்தவுடன் பிரித்தறிய வேண்டும். வென்ட்ரிகுலர் பிபிரிலேஷனுக்கும் (இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) நாடி இல்லாத வென்ட்ரிகுலர் டக்கிகாடியாவுக்கும் (அவை மிதமிஞ்சிய வேகத்தில் துடிப்பது) மின்னதிர்ச்சி உண்டு. தட்டையான கோட்டுக்கும், தாளம் தெரிந்தும் நாடி இல்லாத நிலைக்கும் அது இல்லை. தட்டையான கோட்டைக் கண்டால் வயர்கள் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் ஏறும் வரையிலும் அழுத்தத்தை நிறுத்தாமல், ஒட்சிசனை ஒரு மீற்றர் தள்ளி வைத்து, 'எல்லோரும் விலகுங்கள்' என்று உரக்கச் சொல்லி அதிர்ச்சி கொடுத்து, நாடி பாராமல் உடனே மீண்டும் அழுத்த வேண்டும். எத்தனை யூல் (அதிர்ச்சியின் ஆற்றல் அளவு) என்பது உங்கள் இயந்திரத்தைப் பொறுத்தது. அந்த எண்ணை அதன் மேலேயே ஒட்டிவையுங்கள். அதிர்ச்சி தேவைப்படாத தாளமாயின் அட்ரினலின் 1 மில்லிகிராமை இயன்றளவு விரைவில் கொடுத்து, 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் கொடுக்க வேண்டும். அதிர்ச்சி தேவைப்படும் தாளத்தில் ஐரோப்பிய வழிகாட்டி மூன்றாவது அதிர்ச்சிக்குப் பின் என்றும், அமெரிக்க வழிகாட்டி இரண்டாவதற்குப் பின் என்றும் சொல்வதால், உங்கள் வைத்தியசாலை ஏற்றுக்கொண்டதைப் பின்பற்றுங்கள். மூன்று அதிர்ச்சிக்கும் மசியாத இதயத்துக்குத் தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் 300 மில்லிகிராம், தேவையாயின் பின்னர் 150. ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும் 20 மில்லிலீற்றர் சேலைனைச் செலுத்தி நோயாளியின் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். தட்டையான கோட்டுக்கு வழமையாக அட்ரோபின் கொடுக்கும் முறை 2010ஆம் ஆண்டுடன் கைவிடப்பட்டது. பழைய பழக்கத்தில் இன்னும் அதைத் தேடும் கைகள் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

இதயம் ஏன் நின்றது என்ற கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன், ஏனெனில் அதற்கான விடை எமது மண்ணிலேயே இருக்கிறது. வாவியில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது ஒட்சிசன் என்பதால் ஐந்து மூச்சுகளோடு தொடங்க வேண்டும். தரையில் பாய் விரித்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் தீண்டினால் கடிவாய் வலிக்காமலே இருக்கலாம். பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழந்து, கண்மணிகூட அசையாமல், மூளை இறந்தவர்போல் தோன்றினாலும், மூச்சைத் தாங்கிப் பிடித்தால் முழுமையாக மீளக்கூடியவர் அவர். மஞ்சள் அலரி விதை தின்றவரின் இதயம் மந்தமாகி, இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறியிருக்கலாம். ஒர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிகொல்லி குடித்தவருக்கு அட்ரோபின் மிகுந்த அளவில் தேவைப்படும். மேலே கைவிடச் சொன்ன அதே மருந்து இங்கே உயிர் காக்கிறது. இரத்த சுத்திகரிப்புக்கு வராமல் விட்ட சிறுநீரக நோயாளி என்றால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம் என்று நினைத்து, அதிலிருந்து இதயத்தைக் காக்கும் கல்சியத்தை ஆயத்தமாக வையுங்கள். இவற்றில் ஒன்றை ஒவ்வொரு மாதமும் கதையாக எடுத்து நடத்திப் பாருங்கள்.

ஒத்திகை பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி ஐந்து நிமிடம் பேசுவதற்கு. முதல் அழுத்தம் எத்தனையாவது விநாடியில் தொடங்கியது, முதல் அதிர்ச்சி மூன்று நிமிடத்துக்குள் கிடைத்ததா, அழுத்தம் பத்து விநாடிக்கு மேல் எங்கே நின்றது என்பவற்றை மட்டும் கேளுங்கள். யார் தவறினார் என்று கேட்டால் அடுத்த மாதம் எவரும் வரமாட்டார்கள்.

இதயம் நிற்பதற்குப் பல மணி நேரம் முன்னரே பல நோயாளிகளின் மூச்சு வேகமும் நாடியும் மாறிவிடுகின்றன. எல்லோருக்கும் 20 என்று எழுதாமல், ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு வீதத்தைப் பதிவதும் இந்தப் பயிற்சியின் பகுதியே.

துடிப்பு திரும்பிய நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும்போது ஒட்சிசனைக் கணக்கிட்டு அனுப்புங்கள். 680 லீற்றர் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பயண நேரத்தைக் கேட்டு, தாமதத்துக்கும் சேர்த்து இரண்டாவது சிலிண்டரை ஏற்றி, அதன் கழுத்தில் சாவி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அம்புலன்ஸின் கதவை மூடுங்கள்.