எல்லைக்கல்லில் தொடங்கும் குற்றம்: வன்னிக் காட்டில் நாவல் எழுதுவோருக்கு

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் காட்டுக் காவலர் ஒருவரை நாயகராக வைத்துக் குற்ற நாவல் எழுத விரும்புபவர், பிணம் எங்கே கிடக்கிறது என்று யோசிப்பதற்கு முன்பாகக் காவலர் எந்தத் திணைக்களத்தவர் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மரமும் காட்டு நிலமும் வனவளத் திணைக்களத்தின் பொறுப்பு; அதன் அதிகாரம் 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. விலங்குகளையும் சரணாலயங்களையும் வனஜீவராசிகள் திணைக்களம் 1937 ஆம் ஆண்டின் வேறொரு கட்டளைச் சட்டத்தின் கீழ் பார்த்துக்கொள்கிறது. மரை வேட்டைக்குப் போகிறவரையும் முதிரை மரக் குற்றி ஏற்றுகிறவரையும் துரத்தும் சீருடைகள் வெவ்வேறு. கொலை என்று வந்துவிட்டாலோ விசாரணை பொலிஸாரின் கைக்குப் போய்விடும். நாயகருக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்பது கதைக்கு வாய்த்த வரம். மரக் கடத்தல் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கொலையாளியை நெருங்க வேண்டியிருக்கும்.

அரசின் அத்துமீறலைக் காட்டக் கொழும்பிலிருந்து ஆட்டுவிக்கும் அமைச்சர் ஒருவரைப் படைப்பது எளிது. ஆனால் அத்தகைய கதைகள் பெரும்பாலும் பாதியிலேயே சலித்துவிடுகின்றன. வன்னியில் அத்துமீறல் தாளில் வருகிறது. போரில் இடம்பெயர்ந்த குடும்பம் விட்டுச்சென்ற வயலில் பற்றை மண்டி, அது வரைபடத்தில் காடாகிவிட, 2009 க்குப் பின் திரும்பி வந்தவர்கள் தங்கள் காணிக்குள் எல்லைக்கல் நிற்பதைக் கண்டார்கள்; முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் இவ்வாறான முறைப்பாடுகள் ஏராளம். ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்படாத எஞ்சிய அரச காடுகளை வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்த 5/2001 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை இரத்துச் செய்ய 2020 இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளைக் கதைக்காலமாக எடுத்துக்கொண்டால், ஒரே காணியில் பழைய காணி அனுமதிப்பத்திரமும் புதிய கல்லும் எதிரெதிரே நிற்பதைக் காட்டலாம்.

அந்தக் கல்லை நட்டவர் நாயகராகவே இருக்கட்டும். அயலூரில் பிறந்து, வனக் காவலராக வேலை கிடைத்து, மேலிடத்துக் கட்டளைப்படி அளந்து நட்டவர். “தம்பி, இந்தக் கல்லை ஆர் நட்டது?” என்று பெரியப்பா கேட்கிறார். “நான்தான் பெரியப்பா.” அந்த இடத்தில் இதற்கு மேல் ஒரு வசனமும் வேண்டாம். அலுவலகத்தில் “சேர்” என்று அழைத்துப் பழகிய அதே வாய்க்கு ஊரில் பேச்சு வராமல் போவதை வாசகர் தாமாகவே உணர்ந்துகொள்வார்.

விறுவிறுப்புக்குக் கெடு ஒன்று வேண்டும். கதையின் பிற்பகுதியை 2025 இல் வைத்தால் அதையும் அரசே தந்திருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி, வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்றது. எதிர்ப்பு வலுத்து அது பின்னர் மீளப்பெறப்பட்டது. போரில் காணி உறுதிப்பத்திரம் தொலைந்துபோன ஒருவருக்கு மூன்று மாதம் என்பது எவ்வளவு குறுகியது என்பதை எண்ணிப் பாருங்கள்; தொலைந்த அந்த உறுதியின் பிரதி ஒன்று கொலையுண்டவரின் பெட்டியில் இருந்தது என்று வைத்தால், கொலைக்கான காரணமும் கெடுவும் ஒரே முடிச்சில் விழுந்துவிடுகின்றன.

தடயங்களைக் காட்டிலிருந்தே எடுங்கள். பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கு, அதாவது கயிறு இடறினால் தானாக வெடிக்கும் பொறித்துப்பாக்கி, பன்றியின் உயரத்துக்கே கட்டப்படும். தவறுதலாக அதில் சிக்கும் மனிதருக்குப் பெரும்பாலும் முழங்காலை ஒட்டித்தான் காயம்படும். நெஞ்சில் காயத்தோடு ஒருவர் கிடந்தால், ஊரே விபத்து என்று சொன்னாலும், கயிறு கட்டியிருந்த மரத்தின் பட்டையில் தேய்ந்த தழும்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று காவலர் தம் இடுப்பை வைத்து அளந்து பார்ப்பார். அதே போலப் பாலை மரத்தின் வைரம் பாய்ந்த கட்டை நீரில் மிதக்காது. மாரியில் நிறைந்த குளத்துக்குள் களவாகத் தறித்த குற்றிகளைத் தள்ளிவிட்டால், சிறுபோக நெற்செய்கைக்குத் தண்ணீர் திறந்து மட்டம் இறங்கும் வரையில் அவை கண்ணில் படா. குற்றம் மார்கழியில் நடந்து தடயம் ஆடியில் வெளிப்படுவதற்கு இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரியவில்லை.

துரத்தல் காட்சியில் ஓர் எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்துக்குள் இரவில் ஓடும் நாயகரை வன்னி வாசகர் ஒரு பக்கம்கூட நம்பமாட்டார். மண்டையோட்டுப் பலகை கண்டதும் அவர் நிற்க வேண்டும். மரம் கடத்தும் டிப்பர் போய்விட வேண்டும். வண்டி பிடிபட்டாலும் சாரதி வேறு, உரிமையாளர் வேறு. தமக்கு ஒன்றும் தெரியாது என்று உரிமையாளர் நீதவான் முன் வண்டியை மீட்கப் பார்ப்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் கையெழுத்திடும் காட்சியை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். நிதானமாக எழுதினால் அதுவே நாவலின் மிகக் கொடூரமான பக்கமாக அமையும்.

இறுதியாகப் பெயர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டு போன்றவற்றைத் தூரத்து அடையாளங்களாக வைத்துக்கொண்டு, கொலை நடக்கும் ஊரையும் குளத்தையும் கற்பனையாகவே அமையுங்கள். நடப்பு வழக்குகளின் காணி இலக்கங்களையோ அதிகாரிகளின் பெயர்களையோ கதைக்குள் கொண்டுவராதீர்கள்; அந்த வழக்குகளில் இன்னும் தவணைக்கு நீதிமன்றம் போய்வரும் குடும்பங்கள் இருக்கின்றன.